பவளத் தொட்டியும் ஆப்ப சோடாவும்

மளிகை வியாபாரிகளின் இதழில் மீன் தொட்டியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று அன்பர்கள் கேட்பது நியாயமே. காரணம் இருக்கிறது. வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்து அதில் உயிருள்ள பவளம் வளர்ப்பது மேலை நாடுகளில் பல்லாண்டுப் பழக்கம். சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளில்கூட வைத்திருக்கிறார்கள். அந்தத் தொட்டியின் நீரில் கோளாறு வந்தால் அவர்கள் தேடுகிற பொருள்களில் பாதி நமது அலமாரியில் இருப்பவைதான். ஆப்ப சோடா, சுண்ணாம்பு, வினிகர், பேதி உப்பு. கொடுக்கிற கையில் ஒரு பொட்டலம் மாறிப்போனால் வாடிக்கையாளரின் இரண்டு மூன்று வருட உழைப்பு ஒரே இரவில் வெண்ணிற எலும்பாகிவிடும். சரக்கின் குணம் தெரிந்து விற்பவர் என்ற பெயர் நமக்கு வேண்டுமானால் இதையும் கொஞ்சம் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

2023ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் சிங்கப்பூரில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது இந்த விஷயம் நமக்கு அறிமுகமாயிற்று. மாப்பிள்ளை 300 லிட்டர் தொட்டி வைத்திருக்கிறார். மான்கொம்பு போலக் கிளைவிடும் பவளங்கள் அதில் ஏழெட்டு. நாம் போன வாரத்தில் அவற்றின் நுனிகள் வெளுக்கத் தொடங்கியிருந்தன. இரண்டு கிளைகளில் சதை உரிந்து வெறும் கல் தெரிந்தது. மாப்பிள்ளைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "மீன் செத்தா இன்னொண்ணு வாங்கிடலாம் மாமா. இது நகம் அளவு துண்டா வாங்கி மூணு வருஷம் வளர்த்தது" என்றார்.

பவளம் என்பது செடியும் அல்ல, கல்லும் அல்ல. சின்னஞ்சிறு பிராணிகள் கூட்டமாக இருந்து, கடல்நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தமக்குக் கீழே கல்வீடு கட்டிக்கொள்கின்றன. கட்டுவதற்கு இரண்டு சரக்கு தேவை. ஒன்று கால்சியம். மற்றொன்று நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட். அதன் அளவைத்தான் காரத்தன்மை என்று பார்க்கிறார்கள், ஜெர்மன் டிகிரி என்ற கணக்கில். இயற்கையான கடல்நீரில் லிட்டருக்குக் கால்சியம் ஏறக்குறைய 420 மில்லிகிராம், மக்னீசியம் 1,290 மில்லிகிராம், காரத்தன்மை 7 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. கடலில் இவை குறைவதே தெரியாது. 300 லிட்டர் தொட்டியில் தினமும் குறையும். எடுத்ததை எடுத்த அளவுக்குத் திரும்பப் போட்டு வைக்க வேண்டும். தொட்டி வைத்திருப்பவரின் வேலை முழுவதும் இந்த வரவு செலவுதான்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பவளம் லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியத்தை எடுக்கும்போது கூடவே 2.8 டிகிரி காரத்தன்மையையும் எடுத்துவிடுகிறது. 420 இருக்கும் இடத்தில் 20 போனால் இருபதில் ஒரு பங்கு, யாருக்கும் தெரியாது. எட்டு டிகிரி இருக்கும் இடத்தில் 2.8 போனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி. கால்சியம் கிடங்கு இருப்பு மாதிரி. காரத்தன்மை கல்லாவில் இருக்கும் சில்லறை மாதிரி. முதலில் தட்டுப்படுவது சில்லறைதான். ஆகவே விவரமானவர்கள் காரத்தன்மையைத் தினமும், கால்சியத்தை வாரம் ஒரு முறையும், மக்னீசியத்தை மாதம் ஒரு முறையும் அளக்கிறார்கள்.

மக்னீசியத்துக்கு என்ன வேலை என்று கேட்டோம். கால்சியமும் கார்பனேட்டும் நீரில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தாமாகவே சுண்ணாம்புத் துகளாக விழுந்துவிடாமல் இடையில் நின்று தடுப்பது அதுதானாம். மக்னீசியம் குறைந்துவிட்ட தொட்டியில் மற்ற இரண்டையும் எவ்வளவு போட்டாலும் நிற்காது.

மாப்பிள்ளை அளந்து பார்த்தபோது கால்சியம் 370, காரத்தன்மை 6, மக்னீசியம் 1,140. மூன்றும் குறைவு. பதறிப்போய்க் கால்சியத்துக்கு ஒரு போத்தல், காரத்தன்மைக்கு ஒரு போத்தல் வாங்கிவந்து இரண்டையும் அடுத்தடுத்து ஒரே மூலையில் ஊற்றினார். அந்த இடத்தில் நீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்தது. அரை மணி நேரத்தில் தொட்டி முழுவதும் மோர். மறுநாள் அளந்தால் ஊற்றிய சரக்கு நீரில் இல்லை. பம்பின் விசிறியிலும் சூடேற்றும் குழாயிலும் வெள்ளைப் பொருக்காக ஒட்டிக்கொண்டிருந்தது. காரத்தன்மை முன்பைவிடவும் கீழே போயிருந்தது. இரண்டையும் நேரம் விட்டு, நீரோட்டம் வேகமாக இருக்கும் இடத்தில், கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும் என்பது போத்தல் அட்டையிலேயே எழுதியிருந்தது. பதற்றத்தில் அட்டையை யார் படிக்கிறார்கள்?

கடைக்காரர் கேட்ட கேள்வி

மறுநாள் மாலை வண்ணமீன் கடைக்குப் போனோம். கடைக்காரர் சீனர், நமது வயது இருக்கும். மாப்பிள்ளை மக்னீசியம் போத்தல் கேட்டார். பெரியவர் போத்தலை எடுக்கவில்லை. மூன்று அளவுகளையும் ஒரு தாளில் எழுதச் சொல்லிப் பார்த்தார். பக்கத்தில் கடல்நீரின் அளவுகளை எழுதினார். 420க்கு 370. 1,290க்கு 1,140. ஏழுக்கு ஆறு. பிறகு, "உப்பு எவ்வளவு?" என்று கேட்டார். மாப்பிள்ளை, "சரியாக 35" என்றார். லிட்டருக்கு 35 கிராம் என்பது கடலின் அளவு. "எதை வைத்து உங்கள் கருவியைச் சோதித்தீர்கள்?" என்று அடுத்த கேள்வி. வடிநீரை விட்டுச் சைபருக்கு வைத்ததாக மாப்பிள்ளை சொன்னார்.

உப்பின் அளவைப் பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் என்று ஒரு சிறு குழாய்க் கருவி உண்டு. கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் கோடு காட்டும். மறுநாள் அதை எடுத்துவரச் சொன்னார். 35 என்று முத்திரையிட்ட சோதனை நீர் ஒரு சொட்டை விட்டுப் பார்த்தார். கருவி 39 காட்டியது! சைபரில் சரியாக இருக்கும் கருவி 35இல் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. நமது தராசு வெறுந்தட்டில் முள் நேராக நிற்பதைப் பார்த்துவிட்டு ஐம்பது கிலோ மூட்டைக்கும் அது சரி என்று எந்த வியாபாரியும் ஒப்புக்கொள்ள மாட்டார். முத்திரைக் கல்லை வைத்துத்தான் பார்ப்போம். இங்கே 35 என்று நினைத்த தொட்டி நீரில் உண்மையில் இருந்தது 31. உப்பு குறைந்ததால் உப்போடு வரும் எல்லாமே அதே விகிதத்தில் குறைந்திருந்தன. கால்சியம் நோயும் இல்லை, மக்னீசியம் நோயும் இல்லை.

போத்தலை விற்றிருந்தால் பெரியவருக்கு அன்றைக்கு லாபம். விற்றது ஒரு சின்னக் குப்பி சோதனை நீர் மட்டும். அதற்குப் பின் மாப்பிள்ளை உப்பும் தீவனமும் வேறு கடையில் வாங்குவதில்லை.

வைத்தியம் எளிது, ஆனால் பொறுமை வேண்டும். லிட்டருக்கு 4 கிராம் குறை என்றால் 300 லிட்டருக்கு 1.2 கிலோ கடல் உப்புக் கலவை. ஒரே நாளில் கொட்டினால் பவளம் தாங்காது. தொட்டியிலிருந்து தினமும் ஏறக்குறைய 4 லிட்டர் நீர் ஆவியாகிப் போகிறது. ஆவியாவது வெறும் நீர்தான், உப்பு போவதில்லை. ஆகவே வழக்கமாக நல்ல நீரைத்தான் ஈடுகட்ட ஊற்றுவார்கள். அதற்குப் பதில் 35 கிராம் கரைத்த உப்பு நீரை ஊற்றினால் நாளுக்கு 140 கிராம் ஏறும். ஒன்பது நாளில் கணக்கு நேராயிற்று. கால்சியமும் மக்னீசியமும் தாமாகவே இடத்துக்கு வந்தன. காரத்தன்மை மட்டும் ஆறரையில் நின்றது. அதை மூன்று நாளில், நாளுக்கு அரை டிகிரி வீதம், எட்டுக்கு ஏற்றினார். அதற்கு வாங்கியது ஆப்ப சோடா. நாளுக்கு நாலரை கிராம்.

நமது அலமாரியில் இருப்பவை

ஆப்ப சோடா, சமையல் சோடா, சோடா உப்பு என்று ஊருக்கு ஊர் பெயர் வேறு. சரக்கு ஒன்றே, சோடியம் பைகார்பனேட். 100 லிட்டர் நீரில் 3 கிராம் போட்டால் காரத்தன்மை ஒரு டிகிரி ஏறும். ஒரு நாளில் ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றக் கூடாது. இதே கணக்கை வைத்துக் காரத்தன்மை பார்க்கும் சொட்டு மருந்தையும் சோதிக்கலாம். ஒரு லிட்டர் சுத்த நீரில் 3 கிராம் சோடாவைக் கரைத்து, அதில் 100 மில்லியை எடுத்து 900 மில்லி சுத்த நீரோடு சேர்த்தால் 10 டிகிரி நீர் கிடைக்கும். சொட்டு மருந்து அதை 7 என்று காட்டினால் மருந்து காலாவதி.

பேக்கிங் பவுடர் வேறு சரக்கு. அதில் சோடாவோடு புளிப்பு உப்பும் மாவும் கலந்திருக்கும். புளிப்பு உப்பு பெரும்பாலும் பாஸ்பேட் வகை. அது தொட்டியில் விழுந்தால் மாவு அழுகும், பாஸ்பேட்டைத் தின்று பாசி மண்டும். இரண்டு டப்பாவும் ஒரே தட்டில், ஒரே நிறத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கடைப் பையனுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லிவைப்பது நல்லது. கேக் செய்கிறவர்களுக்கும் இது உதவும்.

சலவை சோடா என்பது சோடியம் கார்பனேட். ஆப்ப சோடாவைச் சூட்டடுப்பில் ஒரு மணி நேரம் வைத்தால் நீரும் கரியமில வாயுவும் போய்ச் சலவை சோடாவாகிவிடும். எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். இதுவும் காரத்தன்மையை ஏற்றும். கூடவே பி.எச். அளவையும் தூக்கிவிடும், ஆப்ப சோடா அப்படித் தூக்காது. பி.எச். தாழ்ந்திருக்கும் தொட்டிக்கு வறுத்த சோடா, சரியாக இருக்கும் தொட்டிக்கு வறுக்காத சோடா என்று ஆள் பார்த்துப் போடுகிறார்கள். துணிக்கு விற்கும் சலவை சோடாவில் வாசனையும் வேறு சேர்மானமும் இருக்கலாம். அதைத் தொட்டிக்குக் கொடுக்க வேண்டாம்.

சுண்ணாம்பு இதில் மூத்த மருந்து. பீட்டர் வில்கென்ஸ் என்பவர் 1970களில் ஜெர்மன் மொழியில் எழுதிய நூல் வழியாகப் பரவிய முறை இது. நீற்றிய சுண்ணாம்பு லிட்டருக்குச் சுமார் ஒன்றரை கிராம்தான் கரையும். கலக்கித் தெளியவிட்டு, அடி மண்டியை விட்டுவிட்டு, மேல் தெளிவை மட்டும் ஆவியான நீருக்கு ஈடாகச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். கால்சியமும் காரத்தன்மையும் பவளம் எடுக்கும் அதே விகிதத்தில் சேர்ந்தே போய்ச் சேரும் என்பதுதான் இதன் அழகு. பி.எச். 12க்கு மேல் இருக்கும் நீர் என்பதால் மொத்தமாக ஊற்றினால் மீனும் பவளமும் வெந்துவிடும். விளக்கணைந்த பிறகு பி.எச். தானாகத் தாழும் நேரம் இரவு. அப்போது விடுவதுதான் முறை. பாத்திரத்தை மூடி வைக்க வேண்டும். திறந்து வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயு பட்டு மேலே ஏடு படியும். வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து போட்டால் மேலே காய்ந்து போகிறதே, அதே சங்கதிதான். வெற்றிலைச் சுண்ணாம்பும் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பும் தொட்டிக்கு ஆகாது. நிறமும் நீலமும் பிற கலப்பும் உள்ளவை. இதற்கென்று சுத்தம் செய்த உணவுத் தரச் சரக்கு உண்டு.

கல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாதா என்று நாமும் கேட்டோம். ஆகாது. தூத்துக்குடி உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கடல்நீர் வெயிலில் சுண்டும்போது முதலில் சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாக அடியில் படிந்துவிடுகிறது. அதன் பிறகுதான் உப்பு விளைகிறது. உப்பை வாரிய பிறகு மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் போய்விடுகிறது. ஆக நாம் விற்கும் உப்பு எவ்வளவு வெள்ளையாக இருக்கிறதோ அவ்வளவுக்குப் பவளத்துக்கு வேண்டியவை அதிலிருந்து கழிந்துவிட்டன. மேசை உப்பில் கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்ப்பது வேறு இருக்கிறது. தொட்டிக்கென்று எல்லாச் சத்தும் சேர்த்த உப்புக் கலவை தனியாக விற்கிறார்கள். வாரம் பத்தில் ஒரு பங்கு நீரை அந்தக் கலவையால் மாற்றிவந்தால் பாதிக் கோளாறு வராது.

பேதி உப்பு மக்னீசியம் சல்பேட். மக்னீசியம் உண்மையாகவே குறைந்த தொட்டிக்கு மக்னீசியம் குளோரைடோடு கலந்துதான் போடுவார்கள். தனியாகப் போட்டுவந்தால் சல்பேட் மிகும். வெள்ளை வினிகர் சில மில்லி தினமும் விடுவது நைட்ரேட்டைக் குறைக்க. அதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் கழிவையும் சேர்த்து இழுத்துக்கொள்கின்றன. அளவு மீறினால் அவையே நீரிலுள்ள பிராணவாயுவைக் குடித்து மீனைக் கொன்றுவிடும். பொருக்குப் பிடித்த பம்பைக் கழற்றித் தண்ணீர் கலந்த வினிகரில் ஊறவைத்தால் புதுசு மாதிரி ஆகிறது. மாப்பிள்ளையின் பம்பு அப்படித்தான் பிழைத்தது.

மூடிய அறையும் குழாய் நீரும்

மாப்பிள்ளைக்கு இன்னொரு கவலையும் இருந்தது. பி.எச். எப்போதும் 7.8, கடலில் 8.1. இதற்கும் ஒரு போத்தல் விற்கிறார்கள். பெரியவர் சொன்ன சோதனை காசில்லாதது. தொட்டி நீரை ஒரு பாத்திரத்தில் எடுத்து, வெளித் தாழ்வாரத்தில் ஒரு மணி நேரம் காற்றுக் குமிழி விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் குற்றம் நீரில் இல்லை, அறைக் காற்றில். அப்படியே 8.1 ஆயிற்று. குளிர்சாதனத்துக்காக நாள் முழுவதும் ஜன்னலை அடைத்த வீட்டில் ஐந்து பேர் விடும் மூச்சு எங்கே போகும்? கரியமில வாயு நீரில் கரைந்து பி.எச்.சைத் தாழ்த்துகிறது. நுரை வடிகட்டிக்குக் காற்று இழுக்கும் குழாயின் மறுமுனையை ஜன்னலுக்கு வெளியே விட்டார்கள், போத்தல் தேவைப்படவில்லை.

குழாய் நீர் விஷயமும் இதே போலத்தான். சிங்கப்பூர்க் குழாய் நீரில் குளோரமின் கலக்கிறார்கள். குளோரின் என்றால் ஒரு ராத்திரி திறந்து வைத்தால் பறந்துவிடும். குளோரமின் அப்படிப் போகாது. கரி வடிகட்டி வைத்த ஆர்.ஓ. நீர் கட்டாயம். பித்தளை இணைப்பு எதுவும் தொட்டி நீரில் படக் கூடாது; செம்பு சிறிது கசிந்தாலும் பவளத்துக்கும் நத்தைக்கும் நஞ்சு. மீன் நோய்க்கு விற்கும் செம்பு மருந்தைப் பவளம் உள்ள தொட்டியில் விடுவது கொலைக்குச் சமம்.

இனி நமது நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு யாரும் பவளம் வாங்கி விற்கலாம் என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. 2001ஆம் ஆண்டு முதல் பாறை கட்டும் கல் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறியும் கடற்குதிரையும் உட்பட, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. யானைக்கும் புலிக்கும் உள்ள பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. உயிருள்ளதோ காய்ந்ததோ, ராமேஸ்வரத்தில் அழகுப் பொருள் என்று யாராவது கொடுத்ததோ, கடையில் வைத்தால் சிறை. மன்னார் வளைகுடாவில் பவளப் பாறைகளை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கு வண்டி வண்டியாக அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அங்குள்ள 21 தீவுகளில் இரண்டு இன்று நீருக்குள் போய்விட்டன. பாறையை வெட்டியது அதற்கு முக்கியக் காரணம் என்கிறார்கள்.

நம் ஊரில் கடல் மீன் மட்டும் வளர்க்கும் தொட்டிகள் இருக்கின்றன. சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்குப் போனால் பார்க்கலாம். பவளம் இல்லாத தொட்டியில் கால்சியம் அவ்வளவாகச் செலவாகாது. ஆனால் மீன் கழிவு காரத்தன்மையைத் தின்றுகொண்டே இருக்கும்; ஆகவே அவர்களும் ஆப்ப சோடா கேட்டு வருவார்கள். மாவுக்கா, மீன் தொட்டிக்கா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வாசனை சேராத, பொட்டலம் பிரிக்காத சரக்காக எடுத்துக் கொடுங்கள்.